வெஸ்ட் சிஸ்டம் 105 எபாக்சி பிசின்: ஒரு பழைய மிரர் படகைச் செப்பனிட்ட அனுபவத்திலிருந்து

பழைய மரப்படகு ஒன்றைச் செப்பனிட முனைவோர் பெரும்பாலும் உளி, இழைப்புளி, கிளாம்ப் ஆகியவற்றைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். செய்த வேலை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அவற்றைவிடப் பிசின்தான் முடிவு செய்கிறது என்பது, ஒட்டிய அதே இடத்தை இரண்டாவது முறை பிரிக்க நேரும்போதுதான் புரிகிறது. என்னிடம் உள்ள மிரர் வகைப் பாய்ப்படகை இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நாள்களில் செப்பனிட்டு வருகிறேன். பின்பலகை, படகு மூழ்காமல் காக்கும் காற்றறைகள், அடிப்பலகைகளின் மூட்டுகள் என அந்தப் படகில் நான் கைவைத்த ஏறத்தாழ எல்லா இடங்களிலும் பயன்படுத்தியது வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினும், அதை இறுகச் செய்ய அதனுடன் சேர்க்கும் 205, 206 ஹார்டனர்களும்தான். அந்தப் பொருளை வாங்கலாமா என்று எண்ணுபவர்களுக்காக, அது எங்கே தன் பெயரைக் காப்பாற்றியது, எங்கே அதைத் தொடவே கூடாது என்ற இரண்டையும் விரிவாக எழுதுகிறேன்.

படகைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மிரர் படகு 1962-இல் ஜாக் ஹோல்ட், பேரி பக்நெல் ஆகிய இருவரும் வடிவமைத்தது. பெயரையும் சிவப்புப் பாயையும் அதை முன்னின்று பரப்பிய பிரிட்டனின் டெய்லி மிரர் நாளிதழிடமிருந்து பெற்றது. நீளம் 3.3 மீட்டர். தச்சுத் தொழில் அறியாதவர்களும் வீட்டிலேயே கட்ட வேண்டும் என்ற நோக்கத்தில், வெட்டிய பிளைவுட் பலகைகளின் ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, அந்தத் தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் ஊறவைத்து ஒட்டும் முறையை அது பரவலாக்கியது. 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே செப்பனிட ஒரு சிறு மரப்படகைத் தேடுபவரின் கையில் இது கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துப் படகுகளில் நாடாவை ஒட்டப் பயன்பட்டது பாலியெஸ்டர் பிசின். அது கண்ணாடியிழையோடு நன்றாகச் சேரும். மரத்தோடு அவ்வளவு உறுதியாகச் சேராது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நனைந்தும் காய்ந்தும் கிடந்த படகில் அந்த நாடா காய்ந்த வாழைப்பட்டை உரிவதுபோல் நீளமாக உரிந்து வருவதை நான் என் கையால் பார்த்தேன். நாடாவின் உட்பக்கத்தில் மரத்தின் ஒரு நார்கூட ஒட்டியிருக்கவில்லை. எபாக்சியை நாடியதற்கு இதுவே முதற்காரணம்.

வெஸ்ட் சிஸ்டம் என்ற பெயரில் உள்ள நான்கு ஆங்கில எழுத்துகள், மரத்தை எபாக்சியால் முழுமையாக மூடும் செய்முறையைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டி என்ற ஊரில் மீட், ஜான், ஜோயல் என்ற கூஜன் சகோதரர்கள் மூவரும் பனிச்சறுக்குப் படகுகளும் மூவுடல் பாய்ப்படகுகளும் கட்டிவந்தபோது, தங்கள் பட்டறைக்காக உருவாக்கிக்கொண்ட பிசினே பின்னர் விற்பனைப் பொருளாயிற்று. 1970-இல் அவர்கள் நீரில் இறக்கிய அடாஜியோ என்ற 35 அடி மூவுடல் படகு, ஆணியோ திருகோ தாங்கி நிற்காமல் முழுவதும் எபாக்சியால் ஒட்டி மூடப்பட்ட பெரிய படகுகளில் முன்னோடியானது. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. படகு கட்டியவர்களின் தேவையிலிருந்து பிறந்ததால் இந்தப் பிசினின் கெட்டித்தன்மை, வேலை நேரம், கலவையைக் கெட்டியாக்க உடன் வரும் தூள்கள், அளவைப் பம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைந்திருக்கின்றன. ஒரு குடுவைப் பசையாக மட்டும் இதை மதிப்பிட்டால் அதன் பாதிச் சிறப்பு தெரியாமல் போய்விடும்.

முதலில் அளவு. 105 பிசின் ஐந்து பங்குக்கு 205 அல்லது 206 ஹார்டனர் ஒரு பங்கு, கன அளவில். எடையில் அளந்தாலும் விகிதம் ஏறத்தாழ அதுவேதான். நிறுவனம் தனியே விற்கும் சிறு பம்புகளை இரண்டு குடுவைகளிலும் பொருத்திக்கொண்டால், பிசின் பம்பை முழுமையாக ஒருமுறை அழுத்தி, ஹார்டனர் பம்பையும் ஒருமுறை அழுத்தினால் போதும். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் பம்பின் கொள்ளளவிலேயே அமைந்திருக்கிறது. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள், நானும் தவறினேன். குடுவையின் மேல் ஐந்துக்கு ஒன்று என்று இருப்பதைப் படித்துவிட்டுப் பிசினை ஐந்து முறை அழுத்தி ஹார்டனரை ஒருமுறை அழுத்தினால், கலவை இருபத்தைந்துக்கு ஒன்றாகிவிடும். அது ஒருநாளும் இறுகாது. இடப்பக்கக் காற்றறையின் உள்மூட்டு முழுவதும் அப்படிப்பட்ட கலவையைப் பூசிவிட்டு, நான்கு நாள் காத்திருந்தும் அது பாகுபோல் கையில் ஒட்டியதைக் கண்ட பிறகே குறிப்பேட்டை மீண்டும் படித்தேன். அதைச் சுரண்டி எடுத்து, எஞ்சியதைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து மரத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு முழு நாள்கள் ஆயின. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் புதிய பம்பைப் பொருத்தியவுடன் காற்றுக் குமிழி நீங்கும்வரை அழுத்தி, வெளிவரும் அளவை ஒரு சிறு தராசில் நிறுத்துச் சரிபார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். சிறு அளவுகளுக்குப் பம்பைவிடத் தராசே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

கலந்த பிறகு கிடைக்கும் நேரம் இரண்டாவது பாடம். 22 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 205 சேர்த்த கலவை குவளையிலேயே இருந்தால் 9 முதல் 12 நிமிடங்களில் கெட்டியாகத் தொடங்கும். 206 சேர்த்தது 20 முதல் 25 நிமிடங்கள் தாங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த நேரம் ஏறத்தாழ பாதியாகும், குறைந்தால் இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. எபாக்சி உலர்வதால் இறுகுவதில்லை. இரண்டு பொருள்களும் வினைபுரிந்து தம்முள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டு இறுகுகின்றன. ஆகவே ஆழமான குவளையில் அதிகமாகக் கலந்து வைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கலவை தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு, சில நிமிடங்களில் குவளையே கைதொட முடியாத அளவுக்குக் கொதித்து, நுரைத்துப் புகையும். கலந்தவுடன் அகலமான தட்டையான தட்டில் ஊற்றிவிட்டால் இந்த ஆபத்தும் நீங்கும், வேலை நேரமும் கூடும். வெப்பமான சூழலில் வேலை செய்பவர்கள் 205-ஐ மறந்துவிட்டு 206 வாங்குவதே நல்லது. 40 முதல் 50 நிமிடங்கள் வரை தாங்கும் 209 என்ற ஹார்டனரும் உண்டு. ஆனால் அதன் விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதால் 205-க்கு வாங்கிய பம்பு அதற்குப் பொருந்தாது.

இனி மரத்தின் ஈரம். இந்தப் பிசினைப் பற்றி எழுதப்படும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையில் ஈரமான மரத்தின் குறைகள் என்பது என் முடிவு. மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். என் படகின் பின்காற்றறையைத் திறந்து, ஈரமானியின் முட்களை அடிப்பலகையில் குத்திப் பார்த்தபோது 26 என்று காட்டியது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரம் இருந்தால் போதும். அதிலும் கடல் நீரைவிட மழைநீரே படகுக்குப் பெரும் பகை, ஏனெனில் உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நன்னீர் அதை வளர்க்கும். படகைக் கவிழ்த்து மேலே கூரையிட்டு, காற்றறைகளின் மூடிகளை எல்லாம் கழற்றி, ஒரு சிறு மின்விசிறியால் உள்ளே காற்றோட்டம் கொடுத்து வைத்தேன். 26 என்பது 11-க்கு இறங்க ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்கள் வீணாகிவிட்டதாகத் தோன்றும். இந்த வேலையில் மிகவும் பயனுள்ள ஏழு வாரங்கள் அவையே. ஈர மரத்தின் மேல் எபாக்சியைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, வெளியே பளபளப்பாகத் தெரியும் பலகை உள்ளே தொடர்ந்து மக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து நீர் புகாமல் காக்கும் அதே படலம் உள்ளிருக்கும் நீரையும் வெளியேற விடாது.

மக்கிய மரத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் நான் கண்டிப்பானவன். மக்கிய பகுதியில் நீர்த்த எபாக்சியை ஊற்றினால் அது ஊறிச் சென்று மரத்தைக் கல்லாக்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்தப் பிசினைத் தயாரிப்பவர்களே நடத்திய சோதனையில், கன அளவில் 5 விழுக்காடு தின்னர் சேர்த்தாலே இறுகிய எபாக்சியின் அழுத்தத் தாங்குதிறன் 35 விழுக்காடு குறைந்துவிடுவது தெரியவந்தது. தின்னர் முழுமையாக ஆவியாகி வெளியேறாமல் உள்ளே தங்கிவிடுவதும் உண்டு. பிசின் எளிதில் பரவ வேண்டும் என்றால் பிசினையும் மரத்தையும் இளஞ்சூடாக்குவதே நல்ல வழி. சூடான 105 தண்ணீர்போல் இளகி மரத்தின் வெட்டுவாயில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் வேலை நேரம் குறைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். என் படகில் பின்பலகையின் கீழ்மூலை இரண்டும், இருக்கையின் கீழே கையகலமுள்ள ஒரு பகுதியும் விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு இற்றுப்போயிருந்தன. அவற்றை ஊறவைத்துக் காப்பாற்ற முயலவில்லை. நிறம் மாறாத, உளியின் முனை நுழையாத மரம் வரும்வரை வெட்டி, அதற்கு அப்பாலும் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்தேன்.

வெட்டிய இடத்தில் புதிய பலகையை இணைக்க ஓரங்களைச் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் சாய்மூட்டுதான் சரியானது. பிளைவுட்டுக்குப் பலகையின் கனத்தைப்போல் எட்டு மடங்கு சரிவு என்பது கணக்கு; என் பலகை 5 மில்லிமீட்டர் ஆதலால் 40 மில்லிமீட்டர் சரிவாக இழைத்தேன். பிளைவுட்டை இழைக்கும்போது அதன் ஒவ்வோர் அடுக்கின் ஒட்டுக்கோடும் ஒரு நேர்வரிசையாகத் தெரியும். அந்தக் கோடுகள் இணையாகவும் சம இடைவெளியோடும் இருந்தால் சரிவு சீராக வந்திருக்கிறது என்று பொருள். இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை. அதன்பின் தூள் கலக்காத வெறும் எபாக்சியை இரு சரிவுகளிலும் தடவி, அது வெட்டுவாயில் ஊறச் சில நிமிடங்கள் விட்டு, அடுத்து 403 என்ற பஞ்சிழைத் தூளைக் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை ஒரு பக்கத்தில் பூசி இணைத்தேன். வெறும் எபாக்சியை முதலில் தடவும் அந்த ஒரு படியைத் தவிர்த்தால், மரம் பசையிலிருந்து பிசினை உறிஞ்சிக்கொள்ள, மூட்டில் வெறும் தூள் மட்டும் வறண்டு நிற்கும். கிளாம்ப்பை மிகையாக இறுக்குவதும் இங்கே தவறு. பழைய தச்சுப் பசைகளுக்கு அழுத்தம் வேண்டும். எபாக்சிக்கோ மூட்டுக்குள் பிசின் தங்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய வரியாகப் பசை பிதுங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும்.

நான் சோதனைக்காக அதே பலகையின் துண்டுகளில் ஒட்டிய மூன்று சாய்மூட்டுகளை நான்கு நாள் கழித்து முழங்காலில் வைத்து வளைத்து உடைத்தேன். மூன்றும் மூட்டுக்கு வெளியே, மரத்திலேயே உடைந்தன. இந்தப் பிசினைப் பற்றி இதற்கு மேல் ஒரு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. எந்தப் பசையை வாங்கினாலும், படகில் கைவைக்கும் முன் இப்படிச் சில துண்டுகளை ஒட்டி உடைத்துப் பார்க்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உடன் விற்கப்படும் தூள்களில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஒட்டுவதற்கு 403, வழியாமல் நிற்கச் செய்வதற்கு 406 என்ற சிலிகா, மேற்பரப்பை நிரவிப் பட்டி பார்க்க 407 ஆகிய மூன்று ஒரு சிறு படகுக்குப் போதும். உலோகப் பாகங்கள் பெரும் இழுவிசையைத் தாங்கும் இடங்களுக்கு மட்டும் 404 தேவைப்படும். சுக்கான் தொங்கும் கொண்டிகளின் பழைய திருகுத் துளைகளைப் பெரிதாகத் துளையிட்டு, 404 கலந்த எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சிறிய துளையிட்டுத் திருகை முடுக்கினேன். இப்போது அந்தத் திருகைச் சுற்றி மரமே இல்லை. நீர் அதன் வழியே பலகையின் நடு அடுக்குக்குப் போக வழியும் இல்லை. பழைய படகுகளில் பின்பலகை மக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தத் துளைகளிலிருந்துதான் என்பதால், இந்தச் சிறு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உரிந்துபோன மூட்டு நாடாக்களை மாற்றியதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஒட்டாமல் நின்ற பழைய நாடாவை எல்லாம் உரித்தெடுத்து, உறுதியாக ஒட்டியிருந்த பகுதிகளை மட்டும் விட்டுவைத்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தேன். இறுகிய பழைய பாலியெஸ்டரின் மேல் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிய பின் எபாக்சி உறுதியாகப் பிடிக்கும். ஆனால் எபாக்சியின் மேல் பாலியெஸ்டரைப் பூசினால் அது சரியாகப் பிடிக்காது, ஆகவே ஒருமுறை எபாக்சிக்கு மாறிவிட்டால் அந்தப் படகில் அதன்பின் எபாக்சிதான். இரு பலகைகள் கூடும் உள்மூலையில் தூள் கலந்த எபாக்சியை வைத்து, முனை வட்டமாக வெட்டிய ஒரு மரக்கரண்டியால் இழுத்துக் குழிவான பட்டையாக அமைத்து, அது முழுமையாக இறுகும் முன்பே அதன்மேல் புதிய நாடாவை வைத்து ஊறவைத்தேன். இளகிய நிலையிலிருக்கும் அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு வேதிமுறையில் ஒன்றாகிவிடுவதால் இடையில் தேய்க்க வேண்டிய தேவை இல்லை. காலையில் தொடங்கி ஒரே நாளில் பட்டை, நாடா, மேற்பூச்சு இரண்டு என முடித்த மூட்டுகள், இடையில் இரண்டு நாள் விட்டுத் தேய்த்துத் தொடர்ந்த மூட்டுகளைவிடத் தூய்மையாகவும் உழைப்புக் குறைவாகவும் அமைந்தன.

அப்படித் தொடர முடியாமல் இறுகவிட்டால் மேற்பரப்பில் மெழுகுபோன்ற ஒரு வழுவழுப்பான படலம் தோன்றும். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படிவு அது. அது நீரில் கரையும், கரைப்பானில் கரையாது. வெறும் நீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவித் துடைத்துவிட்டு அதன் பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் தாள் உடனே அடைத்துக்கொள்வதோடு, அந்தப் படிவு கீறல்களுக்குள் புதைந்து, மேலே பூசும் வண்ணம் பின்னர் உரியக் காரணமாகும்.

இந்தப் பிசினுக்கு இரண்டு எதிரிகள் உண்டு, அவற்றைத் தயாரிப்பாளர்களும் மறைக்கவில்லை. ஒன்று வெயில். எபாக்சியில் புறஊதாக் கதிரைத் தாங்கும் ஆற்றல் இல்லை. மூடாமல் விட்டால் மஞ்சளித்து, மங்கி, சுண்ணாம்புபோல் உதிரத் தொடங்கும். ஆகவே மரத்தின் இயல்பான நிறத்தைக் காட்ட விரும்பும் மேல்தளத்திலும் எபாக்சியின் மேல் புறஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் பல பூச்சுகள் வேண்டும். அதை ஆண்டுதோறும் பார்த்து, மங்கும் முன் புதுப்பிக்கவும் வேண்டும். எபாக்சி பூசிவிட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மற்றொன்று வெப்பம். அறைவெப்பத்தில் இறுகிய இந்த எபாக்சி ஏறத்தாழ 50 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்குகிறது. வெயிலில் கிடக்கும் கரும்பச்சை அல்லது கறுப்பு நிறப் படகின் மேற்பரப்பு அந்த வெப்பத்தை எளிதில் எட்டும். முதலாண்டு என் படகின் பக்கப் பலகைக்கு அடர்நீலம் பூசினேன். சில மாதங்களில் உள்ளே இருந்த நாடாவின் நெசவு மேற்பரப்பில் மெல்லிய கட்டங்களாகத் தெரியத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு அதைத் தேய்த்து வெள்ளை பூசிய பிறகு அது திரும்பவில்லை. இதே இயல்பு ஓரிடத்தில் உதவவும் செய்கிறது: எபாக்சியில் புதைந்த திருகு வர மறுத்தால், அதன் தலையில் சூடான பற்றவைப்புக் கோலை (சால்டரிங் அயர்ன்) சிறிது நேரம் வைத்தால் போதும், எளிதாகக் கழன்று வரும்.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. எபாக்சி தோலில் படுவது ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும், பிறகு இந்த வேலையையே விட்டுவிட நேரும். ஒவ்வொரு கலவைக்கும் புதிய கையுறை அணிய வேண்டும். கையில் பட்டுவிட்டால் கரைப்பானால் துடைக்கவே கூடாது, ஏனெனில் அது பிசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்லும். பிசினை நீக்கும் கைக் களிம்பும் சோப்பும்தான் சரி. முழுமையாக இறுகாத எபாக்சியைத் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சிலும் தோலிலும் பட்டுத் தீங்கு செய்வதால், முகமூடி இன்றி உப்புத்தாளைத் தொடக் கூடாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இதைப் பயன்படுத்தவே கூடாத படகு ஒன்றைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. என் நண்பர் ஒருவர் வைத்திருப்பது அடிமரமான ஏராக்கட்டையின் மேல் விலா எலும்புபோன்ற வங்குகளை நிறுத்தி, கனமான பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஆணியறைந்து, இடைவெளிகளில் பஞ்சும் சணல்நாரும் அடைத்துக் கீல் என்ற தாரைப் பூசிக் கட்டிய பழைய படகு. அந்த அடைப்புக்குத் தமிழில் கலப்பற்று என்ற அழகான சொல் உண்டு. கரையோரத்து மூத்த தச்சர்களைத் தவிர மற்றவர்களின் பேச்சில் அது அருகிவருவது எனக்கு வருத்தம். அத்தகைய படகில் நீரில் இறங்கியவுடன் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கும். அந்த நெருக்கத்தில் கலப்பற்று இறுகி நீரை நிறுத்தும். கரையில் ஏற்றினால் பலகைகள் காய்ந்து சுருங்கும், இடைவெளி திரும்பவும் விரியும். ஊறுவதும் உலர்வதும் அந்தப் படகின் இயல்பான மூச்சு. நண்பர் அதன் இடைவெளிகளில் இருந்த பழைய நாரைப் பிடுங்கிவிட்டு எபாக்சி அடைத்தால் கசிவே இருக்காது என்று எண்ணினார், என்னிடமும் கருத்துக் கேட்டார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன். எபாக்சி இறுகினால் கல்போன்றது. நார் நசுங்குவதுபோல் அது நசுங்காது. காய்ந்த நிலையில் அகன்றிருக்கும் இடைவெளியை அதனால் நிரப்பிவிட்டு நீரில் இறக்கினால், பலகை பருக்க இடமின்றி, ஒன்று தன் ஓரத்தையே நசுக்கிக்கொள்ளும், அல்லது ஆணிகளை இழுத்து வங்குகளை முறிக்கும். மீண்டும் காயும்போது பிசின் ஒருபக்கப் பலகையோடு ஒட்டிக்கொண்டு மறுபக்கத்தில் மயிரிழைபோல் விரிசல்விடும். அந்த விரிசலில் நுழையும் மழைநீர் வெளியே வராது. இதைச் சரிசெய்யப் பின்னர் யாராவது முயன்றால், நாரைப் பிடுங்குவதுபோல் எபாக்சியைப் பிடுங்க முடியாது. பலகையின் ஓரத்தையே வெட்டியெடுக்க நேரும். எந்தப் பழுதுபார்ப்பும் அடுத்து வருபவர் பிரித்துச் செய்யத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன், அந்த அளவுகோலில் அத்தகைய படகுக்கு எபாக்சி தோற்றுவிடுகிறது. நண்பர் கலப்பற்று வேலையைக் கற்றுக்கொண்டு, அகன்ற உளியும் மரச்சுத்தியலும் கொண்டு தாமே நாரை அடித்து முடித்தார். அந்தப் படகிலும் என் 105 பிசினுக்கு ஓர் இடம் கிடைத்தது: பாய்மரத்தின் நடுவே பிளந்திருந்த நீண்ட வெடிப்பில், நன்றாகக் காய்ந்த மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி இறக்கி ஒட்டுவதற்கு.

சேமிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. குளிர்ந்த இடத்தில் நீண்டநாள் வைத்திருந்த பிசின் குடுவைக்குள் வெண்மையாகக் கலங்கிக் கற்கண்டுபோல் உறைந்திருப்பதைக் கண்டால் அதை வீசிவிட வேண்டாம். குடுவையை 50 பாகை வெப்பமுள்ள நீரில் வைத்துக் கட்டிகள் முழுமையாகக் கரையும்வரை கலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்தது. இரண்டு முறையும் அந்தப் பிசினில் ஒட்டிய சோதனைத் துண்டுகள் மரத்திலேயே உடைந்தன.

பிளைவுட்டில் கட்டிய, நாடாவால் மூட்டிய, அல்லது மெல்லிய பலகைகளை ஒட்டி உருவாக்கிய சிறு படகு வைத்திருப்பவருக்கு இந்தப் பிசினைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். புதியவர்கள் 105 சிறு குடுவை ஒன்று, 206 ஹார்டனர், 403 மற்றும் 406 தூள்கள், ஒரு பெட்டி கையுறை, ஓர் ஈரமானி ஆகியவற்றோடு தொடங்கலாம். 407-ஐ வண்ணம் பூசும் கட்டம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் ஈரமானியை மட்டும் கடன் வாங்கியாவது படகின் தாழ்ந்த மூலைகளிலும் காற்றறைகளின் அடியிலும் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். 12-க்கு மேல் காட்டினால் குடுவையை இப்போது வாங்க வேண்டாம்; மூடிகளைக் கழற்றி, படகைக் கவிழ்த்து, கூரையிட்டு, காற்று உள்ளே போக வழிவிடுங்கள்.